இருபத்தேழாவது அடி

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். யாரையும் நம்பவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. "பிரமைப்பா" என்று சிரித்த இரண்டு பேரோடு பேச்சையே விட்டுவிட்டேன்.

என் பெயர் சேவியர்ராஜ். சேலத்தில் மைக்செட் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. போன வருடத்திலிருந்து மாடுலர் சிந்தசைசர் கற்றுக்கொண்டிருந்தேன். கீபோர்டு மாதிரி அதில் கட்டைகள் கிடையாது. சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஆசிலேட்டர் ஓசையை உண்டாக்கும். என்வலப் அந்த ஓசை எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும். கிளாக், 'இப்போது அடி' என்று துடிப்பு அனுப்பும். பெட்டிக்குப் பெட்டி நாம்தான் ஒயர் செருக வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர் பேட்ச். துடிப்பு வராவிட்டால் என்வலப் திறக்காது, சத்தமும் வராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முதல் வருட நினைவுக்கு இன்னும் மூன்று நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மதியம் 2:40க்கு அண்ணன் ஜெனிஷ் கூப்பிட்டான். எடுக்கவில்லை. 2:55க்கு மறுபடியும். எடுக்கவில்லை.

"ஏங்க, உங்கண்ணன்தான் கூப்புடறாரு. எடுங்க" என்றாள் என் மனைவி ஜெர்லின்.

"அம்மா மூஞ்சியப் பாக்க வராதவன்கிட்ட எனக்கென்னடி பேச்சு?"

அவன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறான். அப்போது ஆந்திராவில் இருந்தான். அம்மா இறந்தபோதும் அங்கேதான். ஓனர் விடவில்லையாம். அழுது ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். கல்லறையில் தனியாக நின்று மண் போட்டவன் நான். அந்த ஆத்திரம் ஒரு வருடமாகியும் ஆறவில்லை.

ஜெர்லின் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் பேட்ச் முன்னால் உட்கார்ந்தேன். மணி ஓசை செய்யப் பத்து நாளாக முயன்றுகொண்டிருந்தேன். ஒரு ஆசிலேட்டர் இன்னொன்றை உலுக்க வேண்டும், உலுக்குகிற அளவு சரியாக இருக்க வேண்டும். எனக்குத் தகரத்தைத் தட்டுகிற சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. கடுப்பில் குமிழை ஒரே திருகாகத் திருகினேன்.

டங்ங்ங்…

எங்கள் பங்குக் கோயில் மணி. அச்சு அசல். அதன் விளிம்பில் ஒரு கீறல் உண்டு. அந்தக் கரகரப்புகூட அப்படியே இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்துதான் போனேன். கிளாக் ஒயரைப் பிடுங்கினேன். ஓசை நின்றது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி 3:16.

டங்ங்ங்…

திரும்பிப் பார்த்தேன். கிளாக் ஒயர் என் கையில் இருந்தது.

டங்ங்ங்… டங்ங்ங்…

மூன்று. நின்றது.

அடுக்களையிலிருந்து ஜெர்லின் குரல் வந்தது. "ஏங்க, கோயில்ல துக்க மணி அடிக்குது. ஆம்பளைங்க. யாரு செத்தது?"

எங்கள் பங்கில் அதுதான் வழக்கம். ஆண் இறந்தால் மூன்று அடி, பெண் என்றால் இரண்டு. கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். பிறகு இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி, நிறுத்தி நிறுத்தி. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு அடித்தார்கள். ஒன்று விடாமல் எண்ணினேன்.

டங்ங்ங்… ஒன்று.

ஆசிலேட்டர் ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு. இன்னொன்றைப் பிடுங்கினேன். மூன்று. "யார்ரா அது! யார்ரா விளையாடறது!" என்று கத்தினேன். கடையில் யாருமில்லை. ஆறு விநாடிக்கு ஒன்றாக, அது பாட்டுக்கு அடித்தது.

ஜெர்லின் வாசலில் வந்து நின்றாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பதினெட்டு… பத்தொன்பது…

ஃபோன் அடித்தது. ஜெனிஷ். 3:19.

"எடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எடுங்க!"

கட் செய்தேன். ஆமாம், அப்போதும் கட் செய்தேன்.

இருபத்து மூன்று…

"உங்கண்ணனுக்கு எத்தன வயசு?" என்றாள் ஜெர்லின்.

முப்பத்து நான்கு. அவளுக்கே தெரியும்.

இருபத்தைந்து…

இருபத்தாறு…

என்வலப்பில் ஒரு மஞ்சள் ஒயர் மட்டும் மிச்சம். அதன் விளக்கு மினுக்கியது.

டங்ங்ங்…

பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது. 3:20.

உடனே அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்பது தடவை கூப்பிட்டேன். 4:05க்கு அவனே கூப்பிட்டான். குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் அழுதுகொண்டிருந்தான்.

"ரிக்ல ராடு வுழுந்துருச்சுடா. எங்கூட வேல பாக்கற முருகானந்தம் போயிட்டான். நான் நிக்க வேண்டிய எடம்டா அது. அம்மா நெனவுக்கு வாரேன்னு சொல்லலாம்னு, அவன நிக்கச் சொல்லிட்டுத் தள்ளி வந்து உனக்குப் போட்டேன். நீ கட் பண்ணிட்ட. அந்தக் கடுப்புல அங்கயே நின்னுட்டேன். இல்லாட்டி திரும்பப் போயிருப்பேன்."

"எத்தன மணிக்கு?"

"மூணு இருவது."

மூச்சு விட்டான். "அம்மாதான்டா என்னயக் காப்பாத்திட்டாங்க."

அன்றே கோயிலில் போய்க் கேட்டேன். அன்று யாருக்கும் துக்க மணி அடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முருகானந்தத்தின் அடக்கத்துக்குப் போனோம். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். அந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பந்தலில் அவன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள் எதிரே தலை நிமிராமல் நின்றான். ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார்.

"உங்கண்ணன் பொழச்சது உங்கம்மா செஞ்ச புண்ணியமுங்க, சாமி."

அவர் கையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். புண்ணியமாம், புண்ணியம்! அவருக்குப் பின்னால் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை நான் அப்போதுதான் படித்திருந்தேன்.

முருகானந்தம். வயது 27.

முப்பத்து நான்கு வரைக்கும் போக வேண்டிய மணி அது. இருபத்தேழில் பிடுங்கியவன் நான்.