கட்டி தட்டிய களி

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நாலாவதோடு படிப்பும் நின்றுபோனது. இருந்தாலும் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

யுத்த காலத்தில் நாங்கள் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் மனைவி அடுப்புப் பக்கமே போகவில்லை. அழவும் இல்லை, பேசவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா சோறும் சாறும் கொண்டுவந்து, "ஒரு வாய் ஊட்டா பண்ணும்மா" என்று கெஞ்சினாலும் தொடமாட்டாள். இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஒருநாள் காலையில் நானே களி கிண்ட உட்கார்ந்தேன். கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, உடனே துடுப்பைப் போட்டுக் கலக்கினேன். மாவு கட்டி கட்டியாய்த் திரண்டுவிட்டது.

"கொட்டினதும் கிண்டுவாங்களா? மாவு வேக வேணாமா?"

திரும்பினேன். என் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலையே" என்றேன்.

"இத்தனை வருசம் தின்னீங்களே, ஒருநாளாவது பாத்தீங்களா? நவுருங்க. பானையைப் புடிங்க."

துணியைச் சுற்றிப் பானையை அழுத்திப் பிடித்தேன். அவள் கட்டிகளை நசுக்கி நசுக்கிக் கிண்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, என் கண்ணிலும் இல்லை. உருண்டை பிடித்து என் தட்டில் மட்டும் வைத்தாள். நான் பாதியைப் பிட்டு அவள் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து வீட்டம்மா கொடுத்திருந்த சாற்றில் தொட்டு விழுங்கினாள்.

களி உள்ளே வேகவே இல்லை. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

துக்கம் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவள் களி கிண்டும்போது பானையை நான்தான் பிடிக்கிறேன்.