ஒரு மீற்றருக்கு ஒரு கை

வந்திருந்தவர்கள்: அப்பா, பக்கத்து வீட்டு ஸ்ரீ அண்ணை, நான், ஐம்பத்தைந்து டெனிஷ்காரர். வராதவர் அம்மா. அவர் வீட்டில் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு கிழமை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எந்த முகாமில் இருக்கிறார் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

இது போன மே மாதக் கதை. இப்போது ஏன் கிளறுகிறேன்? போன கிழமை அடித்த புயல்தான் காரணம்.

கூட்டம் எங்கள் ஊர் மின்சாரச் சங்கத்தினுடையது. ஹேர்னிங் நகரத்திலிருந்து காரில் இருபது நிமிடம். வீட்டில் மீற்றர் ஓடினால் நீங்கள் உறுப்பினர். ஒரு மீற்றருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பன்றி வளர்க்கும் பண்ணைக்காரருக்கும் ஒன்றுதான், எங்கள் மூன்று அறை வீட்டுக்கும் ஒன்றுதான். வருட முடிவில் பணம் மிஞ்சினால் பில்லில் கழித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் விளக்கியது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் என்பதால், கடிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும்.

"கரண்டு விக்கிறவன் காசைத் திருப்பித் தருவானோ? ஆருக்குக் கதை விடுறாய்?" என்றார் அப்பா.

"விக்கிறதே நாங்கள்தான், அப்பா."

"அப்ப இன்னும் மோசம்," என்றார் ஸ்ரீ அண்ணை.

நானும் சிரித்தேன். ஆனால், 'இது உங்களுடையது, நீங்களும் இதில் ஒருவர்' என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டியவர்களை இவர்கள் முன்பு ஊரிலும் பார்த்திருக்கிறார்கள்... உறுப்பினர் என்றால் பட்டியல். பட்டியல் என்றால் ஒருநாள் அது வேறு யாருடைய கைக்கோ போகும்.

அன்றைய கேள்வி ஒன்றுதான். எங்கள் ஒழுங்கையின் மின்கம்பியை இந்தக் கோடையிலேயே நிலத்துக்குள் புதைப்பதா, அடுத்த வருடம் பார்ப்பதா? காற்றடித்தால் எங்கள் ஐந்து வீடும் இருண்டுவிடும். அம்மா வீட்டில் ரோல்ஸ் செய்து விற்பவர் — கராஜில் பெரிய ஃப்ரீஸர். ஆகவே புதைக்க வேண்டும் என்று அப்பா விரும்பினார்.

சங்கத் தலைவர் அந்த ஆயிரம் பன்றிப் பண்ணைக்காரர்தான். புதைக்க விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

அப்பாவின் கை மடியிலேயே கிடந்தது.

"தூக்குங்கோ அப்பா."

"மூலையில இருக்கிற மனிசி என்ன எழுதுறா?"

"கையை எண்ணுறா."

"எண்ணுறவ பேரையும் எழுதுவா. அது இலங்கை எம்பசிக்குப் போனால்? என்ர தம்பி அங்க உள்ளுக்க கிடக்கிறான்."

ஸ்ரீ அண்ணை அப்பாவைப் பார்த்துவிட்டு, தூக்கிய தன் கையை இறக்கிக்கொண்டார். என் பெயரில் மீற்றர் இல்லை, என் கை செல்லாது.

ஆதரவு இருபத்தேழு. எதிர்ப்பு இருபத்தெட்டு.

மின்சாரச் சங்கம் எதற்கு எம்பசிக்கு எழுதப்போகிறது? திரும்பி வரும்போது காருக்குள் நானும் கேட்டேன், கொஞ்சம் கத்தியே.

"ஊரிலயும் ஒரு கூட்டத்தில இப்பிடித்தான் கை தூக்கச் சொன்னவங்கள்," என்றார் அப்பா. "தூக்கின நாலு பேரும் பிறகு வீட்டில படுக்கேல்ல."



சித்தப்பா ஆவணியில் போன் எடுத்தார். முகாமுக்குள் இருந்துதான், ஆனாலும் அவருடைய குரல்.

போன கிழமை கம்பி அறுந்து விழுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ஹேர்னிங்கில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டு விருந்துக்கென்று அம்மா சுற்றி வைத்த நானூறு ரோல்ஸும் ஃப்ரீஸருக்குள். காரில் ஏற்றி எங்காவது கொண்டுபோகலாம் என்றால், ஒழுங்கைக்குக் குறுக்கே மரம்.

மூன்றாம் நாள் தலைவர் கம்பியைப் பார்க்க வந்தார். அப்பாவிடம் ஒன்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: "கை தூக்க விருப்பமில்லை என்றால் சீட்டுக் கேட்டிருக்கலாமே? ஒரு உறுப்பினர் கேட்டாலே போதும். எல்லாரும் பெயரில்லாமல் எழுதிப் போடுவோம். சங்க விதியில் இருக்கிறதே."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் வாசிச்சிட்டன் எண்டுதானே சொன்னனீ?"

வாசித்தேன். மிச்சப் பணம் திரும்பி வரும் பக்கம் வரை வாசித்தேன். சந்தேகப்படுகிறவர்களுக்கான பக்கம் அதற்கு அடுத்தது.

அம்மா நானூறையும் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டினார். ஒன்று எட்டுக் குரோனர் வீதம், மூவாயிரத்து இருநூறு குரோனர்.