அக்காவின் கட்டிக்கு ஒரு பொதுக்கூட்டம்

என் அக்காவின் புருசன் லோறன்ஸ், ஓலைத்தொடுவாயில் எங்கள் கரைவலைக்காரரின் சிறிய சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். வேறு யாரும் போட்டிக்கு நிற்காததால்தான் அவர் தலைவர் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் நியாயமாய்ச் சொல்லவேண்டும், சண்டை தீர்ப்பதில் அத்தான் கெட்டிக்காரர். யாருடைய வலை எந்தக் கிழமை எந்தக் கரையில் இறங்குவது என்று இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால், இருவரையும் தொண்டை வறளும்வரை பேசவிடுவார். பிறகு சபையைக் கைதூக்கச் சொல்லுவார், எண்ணுவார், முடிவைக் கொப்பியில் எழுதி வாசிப்பார். தோற்றவனும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கைதூக்கித் தீர்க்க முடியாத வழக்கு இந்த உலகத்தில் இல்லை என்பது அத்தானின் இரண்டாவது விசுவாசப் பிரமாணம்.

போன தவக்காலத்தில் அக்கா அன்ரோனெற்றுக்கு மார்பில் கட்டி கண்டது. புற்றுநோய்தான் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார். முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு மருந்து ஏற்றுவோம் என்றார். கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் மகள் டிலோஜினி, இன்னொருவரிடமும் காட்டத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அங்கே கூட்டிப்போனாள். கொழும்பு டொக்டர், முதலில் மருந்து ஏற்றுவோம், கட்டி சுருங்கட்டும், பிறகு வெட்டினால் மார்பு முழுவதையும் எடுக்காமலும் தப்பலாம் என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போனது ஒன்றில்தான். எதைச் செய்வதென்றாலும் ஒரு மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

அந்த மாதத்தில் முதல் பத்து நாளையும் அத்தான் கடிதம் எழுதுவதில் செலவழித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளில், இரண்டு டொக்டர்மாருக்கும் ஆளுக்கொரு பதிவுத் தபால். 'தங்களிருவருக்கும் இடையிலான பிணக்கைச் சுமுகமாகத் தீர்க்கும் பொருட்டு, இரு தரப்பாரும் எமது சங்க மண்டபத்துக்கு வருகை தந்து தத்தம் நியாயங்களை எடுத்துரைக்குமாறு' என்று தொடங்கி, தேநீரும் றோல்சும் வழங்கப்படும் என்று முடித்திருந்தார்.

"அத்தான், அவை டொக்டர்மார். கரைவலைச் சம்மாட்டியள் இல்ல" என்றேன்.

"பிள்ளை, ரெண்டு பேர் ஒரே இடத்துக்கு ரெண்டு கதை சொன்னா அது வழக்குத்தான்."

"அந்த இடம் என்ர அக்கா."

அது அவர் காதில் ஏறவில்லை. பதில் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஐந்து நாள் போக்கினார். பதிலும் வரவில்லை, டொக்டர்மாரும் வரவில்லை. தரப்பார் சமூகமளிக்காவிட்டால் சபை தானே முடிவெடுக்கலாம் என்று சங்கத்து யாப்பில் ஒரு விதி இருக்கிறதாம். ஞாயிறு பூசை முடிந்ததும் பொதுக்கூட்டம் என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார்கள். முன்பு ஆண்கள் கூட்டம் முடிந்து வந்து வீட்டுக்கு வீடு வேறு வேறு முடிவு சொல்லுவார்கள், அதனால் பெண்களுக்குள் சண்டை வரும். அதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே அன்றைக்கு நானும் அக்காவும் குசினியில் இருந்து திருக்கை மீன் அரிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டோம்.

செயலாளர் யோகராசா நிகழ்ச்சி நிரலை வாசித்தார். "முதலாவது, போன கூட்டத்து அறிக்கை. ரெண்டாவது, இறங்குதுறை லைற். மூண்டாவது, தலைவரின்ர மனிசியின்ர கட்டி."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"லைற்றுக்குப் பிறகோ நான்" என்றாள்.

லைற் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிறகு அக்காவின் முறை வந்தது. மார்பு என்ற சொல்லை அந்தச் சபையில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. 'சம்பந்தப்பட்ட இடம்' என்றார்கள், காணிப் பதிவுக் கந்தோரில் பேசுவதுபோல. எனக்குக் கோபத்தில் திருக்கை துண்டு துண்டாகப் போனது.

முதலில் எழும்பியது சுபாஸ். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடம் இருந்து திரும்பி வந்தவன். எந்த விஷயத்துக்கும் அவனிடம் ஒரு முகாம் கதை இருக்கும்.

"எங்களுக்குப் பக்கத்துக் குடிசையில ஒரு பொம்பிளைக்கு முதல் வெட்டினவை. அவ இப்பவும் இருக்கிறா."

"எங்க இருக்கிறா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது தெரியாது. நாங்கள் வெளிக்கிடேக்க இருந்தவ."

இதைச் சான்றாக எடுக்கலாமா என்று ஐந்து நிமிடம் விவாதித்தார்கள். அடுத்தவர் பப்பாசி இலைச் சாறு குடித்தாலே போதும் என்றார். இன்னொருவர், மருந்து ஏற்றினால் தலைமயிர் கொட்டும், கோயில் திருநாளுக்குப் புனிதரின் சுருவம் தூக்கும்போது தலைவரின் வீட்டுக்காரி எப்படி முன்னுக்கு நிற்பது என்று கவலைப்பட்டார். யோகராசா ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவந்தார். வலைக்கு முறை வைப்பதுபோல ஒரு கிழமை யாழ்ப்பாணம், ஒரு கிழமை கொழும்பு என்று மாறி மாறி வைத்தியம் செய்தால் ஒருவருக்கும் மனவருத்தம் வராதாம். நல்ல காலம், அதை வழிமொழிய ஆளில்லை.

ஐஸ் லொறிக்காரர் இன்சாப், சங்கத்து ஆள் இல்லை. ஐஸ் இறக்க வந்தவர், அனுமதி கேட்டுப் பேசினார். "என்ர மாமிக்கும் இந்த வருத்தந்தான். ரெண்டும் செய்தது. எது முதல், எது பிறகு எண்டு எனக்கு ஞாபகமில்ல. ஆனா அவ சுகமா இருக்கிறா. நேற்றும் எனக்கு ஏசினவ."

அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட உருப்படியான வார்த்தை அதுதான். அக்காவும் சிரித்துவிட்டாள்.

பிறகு வாக்கெடுப்பு. வெட்டு முதல் என்பதற்குப் பதினான்கு கை. மருந்து முதல் என்பதற்கும் பதினான்கு.

"சமன்" என்றார் யோகராசா. "இனித் தலைவரின்ர கைதான் தீர்க்கோணும்."

ஒலிபெருக்கியில் அத்தான் மூச்சு விடுவது மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது. அக்கா அரிவதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"கூட்டத்தை ஒத்திவைப்பம்" என்றார் அத்தான்.

"வாக்கெடுப்புத் தொடங்கினா ஒத்திவைக்கேலாது தலைவர். விதி எட்டு" என்றார் யோகராசா.

அக்கா எழும்பிக் கையைக் கழுவினாள். "வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அவள் மண்டப வாசலுக்குப் போய்விட்டாள்.

உள்ளே ஆண்கள் எல்லோரும் கதிரையில் நெளிந்தார்கள். மேசைக்குப் பின்னால் அத்தான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். மைக் அவருக்கு முன்னால் திறந்தபடியே கிடந்தது.

"அக்கா, நீங்கள் அங்கத்தவர் இல்ல" என்றார் யோகராசா, கொப்பியைப் பார்த்தபடி.

"கட்டி அங்கத்தவரோ?" என்றாள் அக்கா.

யோகராசா விதியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ரெண்டு டொக்டர்மாரோடயும் நான் போனில கதைச்சனான்" என்றாள் அக்கா. "ரெண்டு வழியிலயும் தப்புறதுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் இடம் இருக்காம். எது உங்கட மனதுக்கு ஏலுமோ அதைச் செய்வம் எண்டவை. எனக்கு இதை உடம்பில வச்சுக்கொண்டு மாதக்கணக்கா நித்திரை வராது. எடுக்கட்டும். செவ்வாய்க்கிழமை வாறன் எண்டு யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிப்போட்டன்."

அத்தான் தலையை நிமிர்த்தினார். "எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா அதுக்கும் ஒரு கூட்டம் வைப்பியள்."

சபை சிரித்தது. தோற்ற பதினான்கு பேரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கை தூக்கி, அது பிழைச்சுப்போச்செண்டா?" என்று கேட்டார். "உன்னை நானே எல்லோ சாகடிச்சதாகும். இருபத்தெட்டுப் பேர் சொன்னதெண்டா, அது என்ர கை இல்லையெண்டு நினைச்சனான்."

அதுவும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கப் போனது. இரண்டு கிழமையாக அந்த மனுசனை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. எல்லாம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. பயந்துபோயிருக்கிற ஒருவரைப் பிடித்து விசரன் என்று ஏசியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் விசர்த்தனம் விசர்த்தனம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா மேசைக்குக் கிட்டப் போனாள். "பிழைச்சா, நான் பிழைச்சதெண்டு இருக்கட்டும். நீங்கள் ஒண்டும் தீர்க்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை என்னோட வாங்கோ. அது காணும்."

அத்தான் "ஓம்" என்றார். யோகராசா அதையும் அறிக்கையில் எழுதினார்.

செவ்வாய் போய், புதன் வெட்டினார்கள். வியாழக்கிழமை காலையில் நான் வார்டுக்குப் போனபோது, அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்தியிருந்தார். முதல் நாள் பின்னேரத்திலிருந்து வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டியும் போகவில்லையாம், விறாந்தையில் இருந்துவிட்டுக் காலையில் முதல் ஆளாக உள்ளே வந்தாராம். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

டொக்டர் வந்து, அட்டையைப் பார்த்துவிட்டு அத்தானிடம் திரும்பினார். "எப்பிடி ஐயா, அம்மாவுக்கு நோவு குறைவோ?"

அத்தான் எழும்பி நின்றார். தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும், அதற்குப் பிறகு குறைந்தது கால் மணித்தியாலம் போகும். அவர் வாயைத் திறந்தார், அக்காவைப் பார்த்தார், திரும்ப முக்காலியில் இருந்தார்.

"அவவைக் கேளுங்கோ டொக்டர்" என்றார்.