மிளகாய்ச் சோதனை

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் சித்தப்பா ஒரு கதையை எடுத்துவிடுவார். அந்தக் கதையில் வருகிற பொய்க்காரச் சிறுமி நான்தான். போன மாதம் காரைக்குடியில் ஒரு காதுகுத்து விருந்திலும் என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சபையில் அவரை மறித்துப் பேச ஆளில்லை. அதனால் அவர் சொல்லாமல் விடுகிற பாதியை நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே வாசம் தெரியாது. மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. கண் தெரியாத பிள்ளை சுவரில் முட்டும், காது கேளாத பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, வீட்டிலுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூக்கு வேலை செய்யாத பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? அது மூச்சு விடுகிறது, சளி பிடித்தால் சிந்துகிறது, மூன்று வேளையும் தின்கிறது. எட்டு வயதிலும் எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசம் என்பது ஒரு மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால் வாங்க என்று சொல்வதில்லையா, அதுபோல. பூவைக் கையில் கொடுத்தால் மூக்குக்கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூட வேண்டும். கக்கூஸ் பக்கம் போனால் முகத்தைச் சுளிக்க வேண்டும். குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தால் 'ஆகா' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிறரைப் பார்த்து ஒழுங்காகச் செய்துவந்தேன். சமையலுக்கு மட்டும் நானாக ஒரு விதி கண்டுபிடித்து வைத்திருந்தேன்: ஆவி பறந்தால் மணக்கிறது என்று அர்த்தம். சோறு, குழம்பு, காப்பி எல்லாம் ஆவி பறக்கும்போதுதானே மணக்கிறது என்கிறார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ருசியிலும் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்கில் தெரிந்தது. காரமும் எரிந்தது. கோழிக் குழம்பையும் கறிக்குழம்பையும் எலும்பைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்வேன், ஊரே அப்படித்தான் சொல்கிறது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதான வருடம், பெரியம்மா மகளுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. ஆடி முதல் தேதி புதுமாப்பிள்ளையையும் அவர் வீட்டாரையும் அழைத்து விருந்து போட வேண்டும். அவர்களுக்குத் திருப்பத்தூர். வருகிற வழியில் பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு மெதுவாகத்தான் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். பெரியம்மா கும்மாயம் கிண்டப் போவதாகச் சொல்லிவிட்டாள். உளுந்தை வறுத்து, மாவாக்கி, நெய்யும் கருப்பட்டியும் ஊற்றிக் கிண்டுகிற இனிப்பு அது. வறுக்கிற பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூடினால் கசக்கும், குறைந்தால் பச்சை வாடை அடிக்கும் என்பார்கள்.

கோவிலில் கூட்டமில்லை போலிருக்கிறது, சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. உளுந்து வறுத்துக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியை என் கையில் திணித்தாள்.

"கிண்டிக்கிட்டே இரு. வாசம் வந்ததும் கூப்புடு. சும்மாச் சும்மா கூப்புட்டு மானத்த வாங்காத."

சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். அம்மா அதற்கு முன்பே தண்ணீர்ச் செம்போடு வாசலுக்குப் போயிருந்தாள். அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அந்த வீட்டில் அம்மா சொல்லுக்கு அவ்வளவாக மதிப்புக் கிடையாது, ஆனால் வேலைக்கு மட்டும் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

நான் கிண்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை வலிக்க வலிக்கக் கிண்டினேன். வெள்ளை உளுந்து பொன்னிறமானது, பிறகு செம்மண் நிறமானது. கூப்பிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஆவி பறக்கவில்லையே? உலர்ந்த உளுந்தில் ஆவி எங்கிருந்து பறக்கும்? என் விதிப்படி வாசம் இன்னும் வரவில்லை, சும்மா கூப்பிடக் கூடாது என்று வேறு உத்தரவு. கடைசியில் சட்டியிலிருந்து ஆவிபோலக் கனமாக ஒன்று கிளம்பியதும் எனக்கு ஒரே சந்தோஷம். "பெரிம்மா, வாசம் வந்துருச்சு!" என்று கத்தினேன்.

அதற்குள் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பெரியம்மா ஓடிவந்து பார்த்தாள். சட்டி முழுக்கக் கரி. முதுகில் ஒன்று வைத்தாள் பாருங்கள், அந்த அறை விழுந்த இடம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

"வீடே நாறுது, உனக்கு மட்டும் எங்குட்டுடி போச்சு மூக்கு?"

"வாசம் வரல பெரிம்மா. வந்ததும் கூப்புட்டேன்ல."

அடுப்படி வாசலில் மாப்பிள்ளையின் தாயார் நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் மூக்கை மூடியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன ஆத்தா, இம்புட்டுக் கருகலுக்குப் பக்கத்துல பொம்பளப் புள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு? மூக்குல ஏதும் கோளாறு இருக்குதாக்கும்?"

அவ்வளவுதான். உளுந்து கருகியது போய், பேச்சு என் மூக்குக்கு வந்துவிட்டது. புதுச் சம்பந்தி வாயில் கோளாறு என்ற சொல் வந்தால் சும்மா விடுவார்களா? ஒரு பிள்ளைக்கு என்றால் வம்சத்துக்கே என்றாகிவிடும். பெரியம்மா முகம் செத்துப்போனது. அம்மா செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்போதுதான் சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்துவந்தார்.

"எங்க வீட்டுப் புள்ளைக்குக் கோளாறா? என்ன சொல்றீக! வெளையாடப் போயிருக்கும், அடுப்ப மறந்துருக்கும், கேட்டா வாசம் வரலன்னு கதை விடுது. இந்தா, இப்பவே நிரூபிச்சுக் காட்டுறேன். மாப்ள, நீங்களும் இங்குட்டு வாங்க."

மாப்பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டினார். மூக்கை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பழ மிட்டாய் ஒன்றை வாயில் போட்டார். என்ன மிட்டாய் என்று கேட்டார். "இனிப்பா இருக்கு, வேற ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர். மூக்கை விடச் சொன்னார். விட்டதுமே, "அட, மாம்பழம்!" என்று மாப்பிள்ளை துள்ளினார். எல்லாரும் கைதட்டினார்கள். நாக்குக்கு நாலைந்து சுவைதான் தெரியும், மற்றதெல்லாம் மூக்கு கொடுக்கிறது, மெல்லும்போது வாசம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது என்று சித்தப்பா வகுப்பே எடுத்தார். அதுவரைக்கும் அவர் சொன்னது எல்லாம் சரி. எனக்கு ஆத்திரமே அதில்தான். இவ்வளவு தெரிந்த மனிதர், அடுத்து என் முகத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

என் கண்ணையும் கட்டினார்கள். மிட்டாய் இனித்தது. மூக்கைப் பிடித்தாலும் இனித்தது, விட்டாலும் இனித்தது. "என்ன மிட்டாய்?" என்றார். "இனிப்பு" என்றேன். வேறொன்றைப் போட்டார். "இனிப்பு, கொஞ்சம் புளிப்பு" என்றேன். மூக்கை விட்டும் அதையேதான் சொன்னேன். அவர் தேடிய உண்மை அந்த இடத்தில் அவர் கைக்கே வந்துவிட்டது. அவரோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"பாத்தீகளா திமிர? வேணும்னே சொல்லுது" என்றார். "இருங்க, மிளகாயப் போட்டா உண்மை தானா வருது."

கரண்டியில் நெருப்புக் கங்கு ஒன்றை எடுத்து, அதன்மேல் வரமிளகாயைப் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினார். கட்டு அவிழ்க்கப்படவில்லை. என்ன வருகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மூக்குக்குள் நெருப்பை ஊற்றியதுபோல எரிந்தது. குடல் வெளியே வந்துவிடும்போல இருமினேன். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. சித்தப்பா கரண்டியை உயர்த்திக் காட்டினார்.

"மூக்கு எப்புடி வேலை செய்யுது பாத்தீகளா? நல்ல மூக்கு! வாயிலதான் பொய்யி."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி அம்மாளும் சிரித்தார். பெரியம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கோளாறுள்ள பிள்ளையைவிடப் பொய் சொல்கிற பிள்ளை பரவாயில்லை என்று அந்தக் கூட்டம் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி, மகள் தொட்டிலில் கிடந்தபோது ஒருநாள் கேஸ் கசிந்து வீடு முழுக்க நிறைந்திருக்கிறது. நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே விளக்குச் சுவிட்சைப் போடக் கையை நீட்டியிருக்கிறேன். வாசலில் வந்த என் கணவர் கத்திய கத்தலில் கை நின்றது. அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்தோம். கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூளையும் கிராம்பையும் இன்னும் எதையெதையோ நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மிளகாய்ப் புகைக்கு இருமினேனே என்று கேட்டேன். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. வாசத்துக்கான நரம்பு மூக்கின் உச்சியில் தனியாக இருக்கிறது, மிளகாய் எரிவதும் தலைவலித் தைலம் சுரீர் என்பதும் முகத்தில் வலியைச் சொல்கிற வேறு நரம்பு, வாசமே தெரியாதவர்களும் அதற்கு இருமத்தான் செய்வார்கள் என்றார். மூக்கைச் சோதிக்க மிளகாயை எடுக்கவே கூடாதாம்.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லாமலா இருந்தேன்? சொன்னேன். "கொரோனால போயிருக்கும் ஆத்தா. அன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு, நான்தானே சோதிச்சேன்" என்கிறார்! தொட்டிலில் என் பிள்ளை கிடந்தது கொரோனாவுக்கு எத்தனையோ வருடம் முன்னால். இவரிடம் போய் என்ன பேசுவது? வயதானவர் என்று எல்லாரும் என்னைத்தான் அடக்குகிறார்கள். அவர் வாயை அடைக்க ஒருத்தருக்கும் துப்பில்லை.

அன்றைக்கு மிளகாய்க்குப் பிறகு கொல்லையில் என்ன நடந்தது என்பது சித்தப்பாவின் கதையில் வராது. அது அவருக்குத் தெரியாது.

அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டாள். எரிச்சல் அடங்க அடங்க எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். வாசம் என்று இவர்கள் சொல்வது இதைத்தானா! மரியாதைக்குச் சொல்வதில்லை, உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, அது எனக்கும் இருக்கிறது என்று நினைத்தேன்.

"எனக்கும் வாசம் தெரிஞ்சிருச்சும்மா" என்றேன்.

"எப்புடி இருந்துச்சு?"

"எரிஞ்சுச்சு."

அம்மாவின் கை நின்றது. பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்தை ஒடித்து, கையில் கசக்கி, என் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"இது எரியுதா?"

"இல்லை."

"வேற என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலம்மா. இலை ஈரமா இருக்கு."

பூண்டு உரித்த தன் விரலை வைத்தாள். அதற்கும் நான் இல்லை என்றேன். அம்மா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து பெரியம்மா கூப்பிட்டாள், சம்பந்தி அம்மாள் போகிறதுக்குள் இந்தக் கழுதை வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று. அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"இந்தா பாரு. உள்ள போயி, நான் பொய்தான் சொன்னேன்னு சொல்லிரு. இனிமே யாரு கேட்டாலும் மணக்குதுன்னு சொல்லு. தெரியலன்னா பக்கத்துல இருக்கவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லு. தெரியலன்னு மட்டும் யாருகிட்டயும் வாயத் தொறந்துராத. உங்க அப்பாகிட்டக் கூட."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"ஆமா."

பென்சில் தொலைந்ததற்குப் பொய் சொன்னேன் என்று என்னை விளாசியவள் அவள். ஏன் அழுகிறாள், எனக்கு நல்லதுதானே நடந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவும் என்னைப் பொய்க்காரி என்றே முடிவு கட்டிவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்று எனக்கு யார் சொல்வது?

உள்ளே போனேன். எல்லார் முன்னாலும் நின்று, பொய்தான் சொன்னேன் என்று சொன்னேன். பெரியம்மா தலையில் குட்டினாள். அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள், நான் உதறிவிட்டேன். நேராகப் போய்ச் சித்தப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் மூக்கு நல்ல மூக்கு என்று அத்தனை பேர் நடுவில் சொன்னவர் அவர்தானே.