வடக்கு வரிசை, நான்காவது குழி

“20.8.2009. அப்பா அடக்கம். வடக்கு வரிசை, நான்காவது குழி.” என் பழைய குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. புதிய குறிப்பேட்டில் அதே வரியில் ஆண்டு 2011. இரண்டும் என் கையெழுத்து. இரண்டாவது பொய். தெரிந்தே எழுதினேன்.

என்னை நீங்கள் வெறுக்க இவ்வளவு போதுமா? போதாது. மீதியையும் கேளுங்கள்.

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே கல்லறைத் தோட்டத்தில் யார், எப்போது, எந்தக் குழியில் என்பதை இருபது ஆண்டுகளாக எழுதிவருகிறேன். யாரும் கேட்ட வேலையல்ல. தேதிகளின் மேல் எனக்கொரு பித்து. சபையின் பதிவேட்டைக் கரையான் அரித்த பிறகு, போதகரே என் குறிப்பேட்டைத்தான் கேட்பார்.

தலைமுறைகளாகப் பிறர் வயலில் உழைத்த குடும்பம் எங்களுடையது. வாரிசு, பங்கு, பாத்தியதை… இவற்றை நான் புத்தகங்களில்தான் படித்தேன். கோயிலில் வாசிக்கும் வேதாகமத்தின் பழைய தமிழில் வாரிசுப் பங்குக்குச் ‘சுதந்தரம்’ என்று வரும். சொற்களுக்குக் குறைவில்லை, பிரித்துக்கொள்ள நிலம்தான் இல்லை. அப்பாவின் குழி ஒன்றே மிச்சம்.

தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் கிடையாது. ஓர் அடக்கம் நடந்து பதினான்கு ஆண்டு கழிந்தால், அதே குழியில் குடும்பத்தார் இன்னொருவரை வைக்கலாம். வைத்துவிட்டால் மறுபடியும் பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் சபையின் வழக்கம்.

2024 பிப்ரவரியில் ஒருநாள் எஸ்தர் அக்கா வந்தார். அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவர்; திருவிடந்தையில் ஒரு விடுதியில் துணி துவைக்கும் வேலை. அன்று காலை அவருடைய அம்மா இறந்திருந்தார். அப்பாவைப் பிரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனியாகவே வாழ்ந்தவர்.

“அப்பா குழியிலயே வெச்சிடலாமா தம்பி? அது ஒண்ணத்தான் கேட்டுகினே இருந்துச்சி.”

கேட்டது நியாயம். கோயிலில் நடந்த கல்யாணம் அவர்களுடையதுதான். என் அம்மாவுக்கு அப்படியொரு பதிவு கிடையாது… என் அம்மா எண்பத்தோரு வயதில் உள்ளறையில் படுத்திருந்தாள். அக்காவின் அம்மாவை வைத்துவிட்டால் அவளுக்கு ஏது இடம்? யார் மனைவி, யார் இல்லை என்பதை அந்த மண்ணே ஊருக்குச் சொல்லிவிடுமே!

பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன். அந்த மாதம்தான் எல்லாவற்றையும் புதிய குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் வரி இன்னும் ஏறவில்லை. ஏற்றினேன். மை காய ஊதினேன்.

ஒன்றரை ஆண்டு குறைகிறது என்றேன். அக்கா விரல்விட்டு எண்ணினார். அப்பா போனபோது தன் சின்ன மகள் கைக்குழந்தை, இப்போது அவளுக்குப் பதினைந்து நடக்கிறதே என்றார். நினைவு ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது என்று சொன்னேன். நானா சொன்னேன்… நான்தான்! சிமெண்ட் சிலுவையில் தேதி எப்போதோ உதிர்ந்துவிட்டது. இறப்புச் சான்றிதழ் என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது.

“நீ எழுதி வெச்சிகிறன்னா சரியாதான் இருக்கும்,” என்று எழுந்து போனார்.

அக்டோபரில் என் அம்மா இறந்தாள். போதகர் கேட்பதற்கு முன்பே பழைய குறிப்பேட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். படியெடுத்ததில் பிழை நேர்ந்துவிட்டது என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. என் துல்லியத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடக்கத்துக்கு எஸ்தர் அக்காவும் வந்தார். மாலையோடு வந்தவர், திறந்திருந்த குழியின் ஓரத்தில் சற்று நின்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“ஒன்றர வருசம்னியே தம்பி. எட்டு மாசத்துல முடிஞ்சிடுச்சா?”

என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? மண் போடக் கூப்பிடுகிறார்கள் என்று நகர்ந்துவிட்டேன். அவரும் ஒரு பிடி மண் போட்டார்… என் அம்மாவுக்கு.

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் அந்தக் குழியை 2038க்கு முன் திறக்க முடியுமா? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சமாதானமும் ஒரு தேதிதான்.

அவருடைய அம்மாவை எங்கே வைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திருவிடந்தைப் பக்கம் பொது இடுகாட்டில் என்றார் ஒருவர். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எது உண்மை என்பது சரிபார்க்கப்படவில்லை.