அக்காவின் ஐந்து தூசி மேகங்கள்

காலை பத்தே கால் மணிக்குத் தகவல் வந்தது. வானியல் நிலையத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா மாரடைப்பில் போய்விட்டாள். சொன்னவர் அங்கே கேமராவைப் பராமரிக்கும் லென்ஸ் அண்ணன்.

அக்காவின் வேலை தூசி. நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கிற தூசி. ஒவ்வொரு துகளும் சிகரெட் புகையின் துகள் அளவுதான். பெரிய விளையாட்டரங்கம் அளவு இடத்தில் சராசரியாக ஒன்றே ஒன்று இருக்கும். ஆனாலும் தூரம் அவ்வளவு தூரம். வழியில் கிடப்பதெல்லாம் சேர்ந்து பின்னாலிருக்கும் நட்சத்திரத்தை மங்கடித்துவிடும்.

இதை அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினாள்.

"அரங்கத்துக்கு ஒண்ணா? அதுக்கா இத்தனை வருஷம் படிச்ச? உன் அலமாரி மேல விரலை வச்சுப் பாருடி, ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்ல."

"அது வீட்டுத் தூசிம்மா. அதுக்கு எவனும் சம்பளம் தரமாட்டான்."

நான்கு வருடங்களுக்கு முன், ஐந்து புதிய தூசி மேகங்களைக் கண்டுபிடித்ததாகக் கட்டுரை எழுதினாள். அச்சில் வந்தது. ஒரு மாதம் அவள் கால் தரையில் படவில்லை. பிறகு லென்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அவள் அறைக்கு வந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் உங்க அஞ்சாவது மேகம் படத்துல அதே மூலைக்கு வந்து நிக்குது."

"அதே மூலையா?"

"அச்சுப் பிசகாம. நேத்து கேமராவைத் துடைச்சேன். மேகம் கலைஞ்சுபோச்சு."

தவறை ஒப்புக்கொண்டு அக்காவே பத்திரிகைக்கு எழுதிப்போட்டாள். கருத்தரங்கில், "மத்த நாலும் ஜன்னல் வழியா வந்ததா மேடம்?" என்றார்கள். கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்த நான்கையும் யாரும் மேகங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கேமராத் தூசி எல்லா நிறத்தையும் ஒன்றுபோல மறைக்கும். வானத்துத் தூசிக்கு ஓரவஞ்சனை உண்டு. சிவப்பைவிட நீலத்தை அதிகம் மறைக்கும். எனவே மேகங்களுக்குப் பின்னாலிருந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக, இரண்டு நிறத்திலும் அளக்க உட்கார்ந்தாள். மூன்று மேகங்கள் பட்டியலில் ஏறின. போன மாதம் போனில் சொன்னாள்:

"தம்பி, மூணு பிள்ளைங்க பாஸ். கடைக்குட்டி இப்பத்தான் பரீட்சை எழுதிட்டிருக்கு."

நான் போனபோது அவள் கணினியை லென்ஸ் அண்ணன் அணைக்காமல் வைத்திருந்தார். நான்காவது மேகத்துக்கு நாற்பது நட்சத்திரங்கள். இருபத்தாறு வரை அளந்திருக்கிறாள்.