என் இருக்கைக்கு நானே எடுத்த ஆள்

அவளை வேலைக்கு எடுத்தது நான்தான். பிற்பாடு நான் பட்ட வயிற்றெரிச்சலுக்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டிக்கு வெளியே நான் பொறியியல் படித்த கல்லூரியில், மாணவர்களே சேர்ந்து ஒரு வண்டி செய்துகொண்டிருந்தோம். ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து மேடு, பள்ளம், கல், சேறு எல்லாவற்றிலும் ஓட்டுகிற குட்டி வண்டி. வருஷா வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும். சேர்ந்த புதிதில் எனக்குக் கிரீஸ் துடைக்கிற வேலைதான் கொடுத்தார்கள். பிறகு வெல்டிங் பழகினேன், பிரேக் பழகினேன். கடைசி வருஷம் ஓட்டப்போவது நான்தான் என்று முடிவாகியிருந்தது. வண்டியின் கூண்டே என் உயரத்துக்குச் செய்தது. பையன்கள் உட்கார்ந்தால் ஹெல்மெட் மேல்கம்பியில் முட்டும். எங்கள் ஊர் எப்போதும்வென்றானில் அப்பா, டீக்கடையில் ஒருத்தரையும் விடாமல் பிடித்து நிறுத்தி இதைச் சொல்லியிருந்தார்.

வேலைக்குக் கை போதவில்லை. எங்கள் வளாகத்திலேயே பாலிடெக்னிக்கும் உண்டு. அங்கே சாண்ட்விச் கோர்ஸ் படிக்கிற பிள்ளைகள், படிப்புக்கு நடுவே அரை வருஷம் எங்காவது வேலை பழகியாக வேண்டும். பலர் தீப்பெட்டி மெஷின் செய்கிற பட்டறைகளுக்குப் போவார்கள். ஒருத்தரை எங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. ஆள் எடுக்கிற பொறுப்பை, அணியைப் பார்த்துக்கொள்கிற சார் என் தலையில் கட்டினார்.

வந்தவர்களில் எல்லாரும் நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். இவள் ஒருத்திதான் திருப்பிக் கேட்டாள்.

“எக்கா, இந்த வண்டிய யாரு ஓட்டுவா?”

“நான்தான்.”

“சூப்பருக்கா!” என்று கையை நீட்டிக் குலுக்கினாள். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் மகள். நல்ல வாய். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண், பேச்சுத்துணைக்கு ஆச்சே என்று அவளையே எடுத்துக்கொண்டேன். அட, என் புத்தியே!

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. எந்த ஸ்பேனர் எங்கே தொங்கும், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம், எந்தப் பையன் கோபக்காரன் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஆரம்பத்தில் கொடுத்த ஓவரால் ஆண்பிள்ளை அளவு. கை, கால் எல்லாம் மடித்துவிட்டுக்கொண்டு நான் திரிந்தேன். அவளுக்கு மட்டும் பையன்கள் அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பேனரைத் தப்பான ஆணியில் மாட்டினால் என்னைக் கிழித்தெடுக்கிற ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, அவள் மாட்டினால், “புதுப்பிள்ளைல்லா, பழகிருவா” என்று தாமே எடுத்து மாட்டினார். நானும் ஒரு காலத்தில் புதுப்பிள்ளைதானே? அப்போது இந்த மனுஷருக்கு வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மழை வந்து கெடுத்தது. போட்டி நடக்கிற மைதானத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்று தேதியைத் தள்ளிவைத்தார்கள். புதுத் தேதி வரும்போது என் படிப்பு முடிந்திருக்கும். படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும்தான் ஓட்டலாம் என்பது விதி. வளாகத்தில் என் உயரத்தில், வண்டி தெரிந்த ஆள் இன்னொருத்திதான் இருந்தாள்.

சார் என்னைக் கூப்பிட்டு, “நீதாம்மா அவளுக்குப் பழக்கிவிடணும்” என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். சரி சார் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“ஏட்டி, ஒனக்கு என்ன வந்துது? சோத்து மேல ஏன் கோவப்படுத?” என்றாள் அம்மா.

“அந்தச் சீட்டு எனக்குள்ளது!” என்று கத்தினேன். எந்தச் சீட்டு என்று அவளுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. அதன்பிறகு அவர் டீக்கடைப் பக்கமே கொஞ்ச நாள் போகவில்லை.

பருத்தி எடுத்து முடித்த காடு ஒன்றில் அவளுக்குப் பழக்கினேன். பழக்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வைததுதான் அதிகம். “ஏட்டி, வளைவுல இப்படியா ஒடிப்பா?”, “பிரேக்க மிதிக்கச் சொன்னா மெத்தைய மிதிக்க மாதிரி மிதிக்கியே!” அவள் கோபித்துக்கொண்டாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “இன்னொரு ரவுண்டு போட்டுட்டு வாரேங்க்கா” என்று சிரித்துக்கொண்டே போவாள். வரப்போரம் நின்று அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு காந்தும். வண்டி எங்காவது நின்று தொலையாதா என்று நினைப்பேன். நின்றால் முதலில் ஓடுகிறதும் நான்தான், அது நான் செய்த வண்டி ஆயிற்றே.

போட்டிக்கு நானும் போனேன். படிப்பு முடிந்த ஆளை, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு வெளியே நின்றேன். அவள் நன்றாகவே ஓட்டினாள். பக்கத்தில் எங்கள் பையன் ஒருத்தன், “எப்படி ஓட்டுதா பாத்தீங்களாக்கா!” என்று துள்ளினான். கண் எனக்கும் இருக்கிறதுடா என்றேன்.

கடைசிச் சுற்றுகளில் பள்ளத்தில் தண்ணீர் ஊறி, நல்ல சேறாகிவிட்டது. முன்னால் போன வண்டிகள் சில அதில் சிக்கி நின்றன. சேற்றைக் கண்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு என்றுதான் அத்தனை நாளும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு அது தன்னால் வரும். ஈரக் கரிசலில் அழுத்தினால் மண் சக்கரத்தில் அப்பி, வண்டி அங்கேயே புதைந்துவிடும். எங்கள் ஊரில் மழை பெய்தால் டிராக்டரே காட்டுக்குள் இறங்காது. அதனால் அவள் பள்ளத்துக்கு வந்ததும், “காலை எடு! காலை எடுட்டி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட நின்ற எங்கள் ஊர்ப் பையன்களும் அதையே கத்தினார்கள்.

அவள் எடுக்கவில்லை, ஒரே மிதியாக மிதித்தாள். வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. அது செம்மண், அடியில் சரளை, அழுத்தினால் சக்கரத்துக்குப் பிடி கொடுக்கிற மண். ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குக் கரிசல் பயம் எங்கே இருக்கப்போகிறது? அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தால் காலை எடுத்திருப்பேன். மூன்று வருஷம் காத்திருந்து ஏறி, அந்தப் பள்ளத்துக்குள்தான் நின்றிருப்பேன். அவள்மேல் அதுவரை பட்ட பொறாமையெல்லாம், அந்த நிமிஷம் பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வண்டி எல்லாச் சுற்றும் முடித்தது, எங்கள் கல்லூரிக்கு அதுதான் முதல் தடவை. கயிற்றை அவிழ்த்ததும் எல்லாரும் உள்ளே ஓடினோம். சார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அந்தச் சேத்துல காலை எடுக்காம மிதிச்சு வந்தியேம்மா! அத யாரு சொல்லிக்குடுத்தா?”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் செம்மண். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேராக என்னைப் பார்த்தாள்.

“அக்காதான் சார்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமா சார்,” என்றேன்.